விளையாட்டுக்கு டியூஷன்

மொட்டு உடம்பெல்லாம் பெயிண்டை அப்பிக்கொண்டு நின்றதற்காக அடி வாங்கினாள். அது போன வருஷம். இந்த வருஷம் அப்பிக்கொள்ளாததற்காக வாங்குகிறாள். அடிக்கிற கை ஒன்றுதான், கம்பி ஹேங்கரும் அதே ஹேங்கர்தான். நியாயம் கேட்கலாம் என்றால் கேட்கிற வயதா அது? இன்னும் ஐந்து முடியவில்லை.

மொட்டு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். அவளுக்குக் கீழே ஒரு தம்பி. நடக்கப் பழகிய பிறகும் பாதி நேரம் தரையில் உருண்டே போய்ச் சேருவான் என்பதால் அவனுக்கு உருண்டை என்று பெயர். அப்பா ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். வேலை முடிந்து வந்தால் வெகுநேரம் அவருடைய விரல்கள் மடங்காது, டீ டம்ளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. நீராவி உருளைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி படுக்கை விரிப்பை உள்ளே கொடுப்பாள், அந்தப் பக்கம் இவள் பிடித்து மடிப்பாள். மடிப்பின் ஓரம் ஒரு விரற்கடை விலகினாலும் மேற்பார்வைக்காரி வாயைத் திறக்க மாட்டாள். அடுக்கியது மொத்தத்தையும் தரையில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அங்கே இவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எதற்கும் ஒரு அளவு உண்டு, அந்த அளவுக்கு வரும் வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். துணிக்கு அது சரி. அதைக் குழந்தைக்கும் போட்டுப் பார்த்தாளே, அங்கேதான் வந்தது வினை.

ஆரம்பித்து வைத்தது எதிர்வீட்டு அக்கா. நல்ல மனுஷிதான், ஆனால் தன் வயிற்றெரிச்சலை அடுத்தவர் அடுப்பில் வைத்துச் சூடுபண்ணிப் பார்ப்பதில் ஒரு சுகம்.

“பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு முன்னாடி கேள்வி எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. ஒரு ரூம்ல விட்டு வெளையாடச் சொல்லிட்டு, ஓரமா நின்னு பாப்பாங்க. அவ்வளவுதான்.”

“வெளையாட விட்டா? அதுல என்னக்கா பாப்பாங்க?”

“அது எனக்குத் தெரிஞ்சிருந்தா என் புள்ள ஏன் பின்னறையில கெடக்கறான்?”

பின்னறை என்பது இவர்கள் வைத்த பெயர். பள்ளிக்கூடம் அதை ‘தயாராகும் வகுப்பு’ என்கிறது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் குழந்தைகளில் விளையாடத் தெரியாதது, பேசத் தெரியாதது என்று பட்டவற்றை அங்கே போடுவார்கள். தயாரானதும் எல்லோரும் படிக்கிற முன்வகுப்புக்கு மாற்றுவோம் என்பார்கள். அங்கிருந்து தயாராகி வெளியே வந்த குழந்தையை இவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டுப் பையன் உள்ளே போனபோது என்ன செய்தானோ அதையேதான் இன்னும் செய்துகொண்டிருக்கிறான். கயிற்றில் மணி கோக்கிறான்.

“மணி கோக்கறதுல இப்ப அவன அடிச்சுக்க ஆளில்ல. பேசாம ஒரு நகைக்கடை வெச்சுக் குடுத்துடலாம்” என்று அக்கா சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் செய்த தப்புதான் என்ன? அக்கா சொல்லி அனுப்பியதை அப்படியே செய்தான். “கைகட்டி ஒழுங்கா உக்காரு, டீச்சர் சொல்லாம எதையும் தொடாதே” என்று நம் ஆட்கள் எல்லோரும் சொல்லி அனுப்புவதைத்தான் அவளும் சொல்லி அனுப்பினாள். பையன் அறை நிறைய சாமான்களுக்கு நடுவில் சிலை போல் உட்கார்ந்திருந்தான். அடக்கமான பிள்ளை என்று மெச்சுவார்கள் என்று அக்கா வாசலில் பூரித்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு ஆர்வமே இல்லை, எதிலும் கை போகவில்லை என்று உள்ளே முடிவு கட்டிவிட்டார்கள்.

மொட்டுவின் அம்மா இதைக் கேட்டுக்கொண்டாள். இவளும் அதையேதான் சொல்லி அனுப்புவதாக இருந்தாள். பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு இன்னும் ஒரு பருவம் இருந்தது. மொட்டு பின்னறைக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதற்காகத்தானே நாடு விட்டு நாடு வந்து, அடுத்தவன் படுத்த விரிப்பை மடித்துக்கொண்டிருக்கிறாள்?

ஆனால் விளையாட்டில் சரி என்ன, தப்பு என்ன? யாரைக் கேட்பது? சலவைக்கூடத்துக்குப் போகும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பூங்கா இருந்தது. அங்கே இந்த ஊர்க் குழந்தைகள் விளையாடும். வருகிற பஸ்ஸையெல்லாம் அவள் விட்டுவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கட்டையை அடுக்குகின்றன. விழுந்தால் அழுவதில்லை, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பெரிதாகத் திறந்து சிரிக்கின்றன. ‘மறுபடியும்’ என்று இந்த ஊர்ப் பேச்சில் கத்துகின்றன. மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்கின்றன. பக்கத்துக் குழந்தைக்கு எதையாவது நீட்டுகின்றன. பார்த்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டாள். மறுநாளிலிருந்து வீட்டில் விளையாட்டுக்கு டியூஷன் தொடங்கியது.

பழைய மரக்கட்டைகள் வாங்கினாள். மண்ணுக்குப் பதிலாக பெயிண்ட் வாங்கினாள். வேண்டுமென்றே ஒரு வெள்ளைச் சட்டையும் வாங்கினாள்.

“கட்டய எடு. அடுக்கு. ம், இப்ப கைய லேசா தட்டி விடு. விழுந்திச்சா? சிரி.”

மொட்டு சிரித்தாள்.

“இது சிரிப்பா? தலைய பின்னால சாய். வாயத் தொற. இன்னும். அவ்வளவு வேணாம், அது பைத்தியம் மாதிரி இருக்கு. கொஞ்சம் கொறை. ஆங், இந்த அளவு. இதப் புடிச்சுக்கோ. இப்ப அந்த வார்த்தையச் சொல்லு.”

“மறுபடியும்” என்றாள் மொட்டு, அந்த ஊர்ப் பேச்சில்.

“சந்தோஷமா சொல்லுடி!”

ஹேங்கர் தொடையில் விழும். பெரிய அடி இல்லை, சுருக்கென்று ஒரு தட்டுதான். வலி என்பதைவிட, எப்போது விழும் என்று தெரியாததுதான் மொட்டுவுக்குக் கஷ்டம். கட்டை விழுவது போலவே அதுவும் விழுந்தது. நாள் போகப்போக, ஹேங்கர் மேலே எழும்பினாலே தலை தானாகப் பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, சிரிப்பு வந்தது. அளவு பிசகாமல் வந்தது. அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

பெயிண்ட்தான் பெரும்பாடு. சட்டையில் சொட்டு பட்டாலும் தொலைந்தோம் என்று வளர்ந்த குழந்தை, விரல் நுனியை மட்டும் நனைத்து, அதையும் காகிதத்தில் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். “சட்டையில பூசு. பயப்படாத, பூசு!” என்று அம்மா கத்துவாள். கத்தும்போது அவளுக்கே உடம்பு கூசும். நாளெல்லாம் கறையோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டையைத் துவைத்து வெளுத்துக் காயப்போட்டு, மறுநாள் அழுக்காக்கச் சொல்லிக் குழந்தையை அடித்தாள். இப்படி ஒரு கூத்து எங்கேயாவது உண்டா?

ஓவியத்துக்கும் சட்டம் வந்தது. ஒரு வீடு, மூலையில் சூரியன், அப்பா அம்மா தம்பி எல்லோரும் கைகோத்து நிற்க வேண்டும், எல்லா வாயும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். மொட்டு முன்பு வரைந்தது வேறு. பால்பாயிண்ட் பேனாவை வைத்து வட்டத்துக்கு மேல் வட்டமாகக் கிறுக்கி, காகிதம் கிழிந்து போகும் வரை கிறுக்கி, “இது அம்மாவோட மிஷினு. இது தூங்கற பெட்ஷீட்டத் தின்னுது. அம்மா ஓடிப்போய் வாலப் புடிச்சிட்டாங்க” என்று அப்பாவிடம் கதை சொல்லியிருக்கிறாள். டம்ளரைப் பிடித்தபடி அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கிறுக்கலப் போய் ரசிக்கறாரு பாரு” என்று அம்மா அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு மொட்டு மிஷினை வரையவே இல்லை. அவளுடைய சூரியன் மட்டும் மூலைக்கு மூலை அழகாக வந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லையா? சொன்னார். “விடேன், கொழந்தைதானே” என்றார். “கொழந்தைதான், பின்னறைக்குப் போகட்டுமா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். சில ஆண்களுக்கு நல்லவன் என்று பேர் வாங்க ஒரு வாக்கியம் போதும், அதைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்கள். உருண்டை மட்டும் எல்லாப் பாடத்துக்கும் வந்து உட்கார்ந்தான். ஹேங்கர் விழும் ஒவ்வொரு தடவையும் மொட்டு சிமிட்டுவதற்கு முன்னால் இவன் கண்ணைச் சிமிட்டினான்.

அந்தக் காலையும் வந்தது. வெளிச்சமான அறை. மணல்தொட்டி, பெயிண்ட் தட்டுகள், கட்டைகள். சுவரோரம் பெற்றவர்களுக்குக் குட்டி நாற்காலிகள். முழங்கால் நெஞ்சில் இடிக்க அம்மா உட்கார்ந்தாள். கண்ணாடி போட்ட டீச்சர் ஒருத்தி, குட்டையாக இன்னொருத்தி. இருவரும் சிரித்த முகமாக இருந்தார்கள். பெற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள்.

மொட்டு நேராகக் கட்டையிடம் போனாள். அடுக்கினாள். தட்டினாள். விழுந்தது. தலையைச் சாய்த்துச் சிரித்து, “மறுபடியும்!” என்றாள். அம்மாவுக்குப் புல்லரித்தது. பெயிண்டிடம் போனாள், உள்ளங்கையை முக்கினாள், சட்டையின் வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை. பக்கத்தில் இருந்த பையனுக்கு ஒரு தூரிகையை நீட்டினாள். வீடு, சூரியன், கைகோத்த குடும்பம். திரும்பவும் கட்டை. திரும்பவும் அதே சிரிப்பு.

அங்கேதான் கண்ணாடி டீச்சரின் புருவம் ஏறியது. அவள் குட்டை டீச்சரின் காதில் ஏதோ சொன்னாள். கட்டை எப்படி விழுந்தாலும் சிரிப்பு ஒரே நீளம், ஒரே சத்தம். பக்கத்துப் பையன் தெரியாமல் காலால் இடித்து மொட்டுவின் கோபுரத்தைச் சாய்த்தபோதும் அதே சிரிப்பு, அதே வார்த்தை. எதிலும் அளவு பார்க்கிற அம்மாவுக்கு அது இப்போதுதான் உறைத்தது. ஒரே மாதிரி இருப்பதுதான் இங்கே தப்பு. மடிப்பு அத்தனையும் சரியாக இருக்கிறது, மேற்பார்வைக்காரி அடுக்கைத் தள்ளப் போகிறாள்.

கண்ணாடி டீச்சர் மொட்டுவின் கையைப் பிடித்து, ஒரு திரையை ஒதுக்கிவிட்டு அங்கிருந்த மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பொம்மைகள் இருந்தன. உனக்கு என்ன தோன்றுகிறதோ செய் என்று விட்டுவிட்டாள். பொம்மை! பூங்காவில் யாரும் பொம்மை கொண்டுவரவில்லை. அதற்குப் பாடம் நடக்கவில்லை. மொட்டு நின்றாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவால் பேச முடியாது. கண்ணை விரித்து விரித்துக் காட்டினாள். அதில் குழந்தைக்கு என்ன புரியும்? பின்னறையின் மணிகள் அம்மாவின் காதில் உருள ஆரம்பித்தன.

மொட்டு ஒரு பொம்மையை எடுத்துத் தரையில் உட்கார வைத்தாள். ஓடிப்போய்க் கட்டைகளை அள்ளி வந்து அதன் முன்னால் கொட்டினாள். சுற்றிப் பார்த்தாள். பெயிண்ட் தட்டிலிருந்து நீளமான தூரிகை ஒன்றை எடுத்து, மயிர்ப்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“சிரி” என்றாள் தமிழில்.

பொம்மை சிரிக்கவில்லை. தூரிகைக் காம்பு அதன் தொடையில் விழுந்தது.

“இது சிரிப்பா? தலைய சாய்டி. அவ்வளவு வேணாம். பைத்தியமா நீ?” தட்டு. “சட்டையில பூசு. பூசுன்னா பூசணும்.” தட்டு. “அழுவியா? அழுவியா? அழுதா பின்னறைதான். மணி கோக்கணும். கோக்கறியா?” தட்டு, தட்டு.

அவள் முகம் பற்றிக்கொண்டது போல் ஆகியிருந்தது. கண் மின்னியது, மூச்சு வாங்கியது, பொம்மையின் பதிலைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாள், சமயத்தில் இரக்கப்பட்டு அதன் தலைமயிரைக் கோதிவிட்டு மறுபடியும் அடித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குழந்தை நிஜமாக விளையாடியது. டீச்சர்கள் இருவரும் கிட்டே வந்துவிட்டார்கள். குட்டை டீச்சர் வாயில் கை வைத்து வியந்துபோய் நின்றாள். கண்ணாடி டீச்சர் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: குழந்தை என்ன சொல்கிறாள்?

அந்தக் கேள்வி அம்மாவுக்குப் புரிந்தது. அந்த அறையில் தமிழ் தெரிந்த இன்னொரு உயிர் கிடையாது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். உண்மைக்கு வேண்டிய வார்த்தைகள் அந்த ஊர்ப் பேச்சில் அவளிடம் இல்லை என்று சாக்கு சொல்லலாம், ஆனால் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். பொய்யோ கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நின்றது.

பாட்டு, என்றாள். எங்கள் பாட்டு. பொம்மைக்குச் சொல்லித் தருகிறாள்.

அந்தக் குச்சி?

தாளம், என்று அம்மா தன் தொடையில் தட்டிக் காட்டினாள்.

டீச்சர்களின் முகம் மலர்ந்தது. கண்ணாடி டீச்சர் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மொட்டுவின் தூரிகை விழும்போதெல்லாம் அவள் கைதட்டினாள். குட்டை டீச்சரும் சேர்ந்துகொண்டாள். அடி, தட்டு. அடி, தட்டு. மொட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் தனக்காகக் கைதட்டுகிறார்கள் என்று புரிந்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் ஓங்கி அடித்தாள். அவர்கள் ஓங்கித் தட்டினார்கள். சுவரோரக் குட்டி நாற்காலியிலிருந்து அம்மாவும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் சந்தேகம் வருமே!

வீட்டுக்கு வரும் வழியில் மொட்டு கேட்டாள்.

“அம்மா, அது பாட்டா?”

“ஆமாடி கண்ணு. பாட்டு.”

“அடிக்கறது தாளமா?”

“பேசாம வா.”

வாரம் திரும்புவதற்குள் போன் வந்தது. முன்வகுப்பில் இடம். கட்டை அடுக்கியபோது எங்களுக்குச் சந்தேகமாகவே இருந்தது, யாரோ சொல்லிக்கொடுத்துச் செய்வது போல் பட்டது, அந்தப் பொம்மைப் பாட்டைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தோம், எவ்வளவு கற்பனை, எவ்வளவு அன்பு என்று கண்ணாடி டீச்சர் உருகினாள். அம்மா நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அது சந்தோஷ அழுகைதான். அவளை அவ்வளவு நல்லவளாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

“பாத்தியா, எம் பொண்ணு கெட்டிக்காரின்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார் அப்பா. எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. உருண்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “அடுத்து இவன்தான். இவன எப்படிக் கரையேத்தப் போறோமோ” என்றார். மொட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அம்மா அன்று மாலை வெள்ளைச் சட்டையைக் கடைசி தடவையாக வெளுத்தாள். ஹேங்கரை நிமிர்த்தி, அதில் அந்தச் சட்டையையே மாட்டி, அலமாரியின் உள்ளே தள்ளினாள். “டியூஷன் முடிஞ்சு போச்சு. போய் உன் இஷ்டத்துக்கு வெளையாடு, போ” என்று மொட்டுவைக் கொஞ்சி உள்ளே அனுப்பிவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போனாள். மனசு லேசாகிவிட்டது. குழாயடியில் நின்று ஏதோ முணுமுணுத்துப் பாடக்கூடச் செய்தாள்.

குழாயை மூடியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுளீர், சுளீர் என்று. பின்னாலேயே விசும்பல்.

அவள் அறை வாசலுக்கு ஓடினாள். வெள்ளைச் சட்டை தரையில் கிடந்தது. உருண்டை கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவன் தொடை சிவந்து வரிவரியாக இருந்தது. மூக்கு ஒழுக, ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டிருந்தான்.

“தலைய சாய்டா. அவ்வளவு வேணாம். கொறை” என்று சொல்லிக்கொண்டிருந்த மொட்டு, அம்மாவைப் பார்த்ததும் பூரித்துப்போனாள். “நான் தம்பிக்குச் சொல்லித் தரேன். அவன் பின்னறைக்குப் போக மாட்டான்” என்றாள். பிறகு ஹேங்கரை ஓங்கியபடியே காத்திருந்தாள்.

“அம்மா, கை தட்டு.”

அம்மா தட்டவில்லை.

“தட்டும்மா. டீச்சர் தட்டினாங்க இல்ல? நீகூடத் தட்டின.”

அம்மாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பாய்ந்து ஹேங்கரைப் பிடுங்கினாள். “கொழந்தையப் போட்டு அடிக்கறியா? பச்சக் கொழந்தைய அடிப்பியா நீ?” என்று கத்தினாள். கத்தும்போதே கை ஹேங்கரோடு மேலே போயிருந்தது.

மொட்டு அந்த ஹேங்கரை நிமிர்ந்து பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். வாயைத் திறந்து, கூடாமலும் குறையாமலும் அந்த அளவுக்குச் சிரித்தாள். “மறுபடியும்!” என்றாள் அந்த ஊர்ப் பேச்சில், சந்தோஷமாக.

கட்டைகளுக்கு நடுவிலிருந்த உருண்டை அக்காவைப் பார்த்தான், மேலே நின்ற ஹேங்கரைப் பார்த்தான். விசும்பலை விழுங்கிவிட்டு அவனும் சிரித்தான்.